மேலே வராத சூடு

இயேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ,
10 யூன் 2007

இமெல்டா மச்சாளுக்கு,

போனில் கதைத்து முடிக்கவேண்டிய விஷயம் இது. நீங்கள் எடுப்பதில்லை. நீங்கள் எடுக்காவிட்டால் மெசின் எடுக்கிறது, மெசினுக்குள் அண்ணை இருக்கிறார். "பொன்ஜூர், வணக்கம். பிலேந்திரன் வீடு. நாங்கள் வெளியிலை நிக்கிறம், பேந்து எடுக்கிறம்" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார். செத்துப்போன தமையன் பிறகு எடுக்கிறேன் என்று சொன்னால் தம்பிக்காரன் என்ன செய்வது? அதனால்தான் ஒரே ஊருக்குள் முத்திரை ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோயில் மண்டபத்தில் நான் கத்தியது பிழை. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கத்திச் சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை. அதை இப்போது மெதுவாக இன்னொரு முறை சொல்கிறேன்.

அண்ணை ஃபிறீசருக்குள் கிடக்கிறார். பூசை முடிந்து, பெட்டியை மூடி, பாட்டுப் பாடி, காரில் ஏற்றி, மலைச் சேமக்காலைக்குக் கொண்டுபோகாமல் குளிர் அறைக்குக் கொண்டுபோனோம். சேமக்காலையில் தொழில் தகராறு, வாசல் பூட்டு, குழி வெட்ட ஆளில்லை. எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பத்து வருடம் இறைச்சிக் குளிரறைக்குள் பெட்டி அடுக்கிய மனிதன் அவர். விரல் நுனியில் உணர்ச்சி செத்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் எங்களோடு இருந்து கதைப்பார். பிறகு டக்ஸி ஓடினபோது யூலையிலும் ஹீற்றர் போட்டு, ஏறினவர்களிடம் பேச்சு வாங்கியவர். அவரைப் போய்க் குளிரில் வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு சேமக்காலை இருக்கிறது. சின்னது, தட்டை நிலம், பக்கத்தில் மேப்பிள் மரங்கள். பங்குச் சுவாமியோடு கதைத்துவிட்டேன். ஒரு கிழமைக்குள் அடக்கம் செய்யலாம் என்கிறார்கள். மனைவி என்று உங்கள் கையெழுத்து மட்டும் வேண்டும். பேப்பரை உள்ளே வைத்திருக்கிறேன்.

மன்னாரில் அம்மா முதல் நாளே போனில் கேட்டா, "மண் போட்டாச்சோ? என்ரை பேரிலையும் ஒரு பிடி போட்டியோ?" என்று. வர முடியாதவர்களின் பேரில் இன்னொருவர் ஒரு பிடி மண் போடுவது எங்கள் வழக்கம், உங்களுக்கும் தெரியும். நான் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அழுதுகொண்டு நிற்கிற மனிசிக்கு வேறு என்னத்தைச் சொல்வது? மச்சாள், அந்தப் பொய்யை உண்மையாக்கித் தாருங்கள்.

உங்கள் மச்சான்,
றூபன்


வில்லரே,
18 யூன் 2007

றூபன்,

கடிதத்தின் தலையில் இயேசு, மரி, சூசை மூவரையும் துணைக்கு நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறீர். என் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை. அதனால் நேரே சொல்கிறேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

நீர் கத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று சொன்னீரே, அதில்தான் கோபம். பதினாறு வருடம் அவருடைய விரல்களை என் கைக்குள் வைத்துத் தேய்த்தவள் நான். குளிரைப் பற்றி நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அவர் கேட்டது உமக்கும் தெரியும். எங்கள் மகள் கத்தரின் முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைச் சாப்பாட்டில் அந்த மேசையில் நீரும் இருந்தீர். சோற்றைப் பிசைந்துகொண்டு, "நான் செத்தால் மலையிலை வையுங்கோ. அது எரிமலை. கொஞ்சச் சூடாவது மிச்சம் இருக்கும்" என்றார். எல்லோரிலும் கூடச் சிரித்தது நீர். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பிழையைத் திருத்துகிற வியாதி இருக்கிறது. "அது எரிமலை இல்லை, இஞ்சாருங்கோ" என்றேன்.

எரிமலை என்றால் என்ன என்று ஆதியில் ஆராய்ந்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பற்றி நான் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய முதல் வாசகர் அவர்தான். வாசகர் என்று சொல்வதும் சரியில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பார், நான் தமிழில் சொல்வேன். அடுத்த நாள் டக்ஸியில் ஏறினவர்களுக்கு அதைத் தன் பிரெஞ்சில் கூட்டிக் குறைத்துச் சொல்லுவார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார், எங்கள் மலையைப் பற்றிச் சொன்னதைத் தவிர.

பத்துக் கோடி வருடத்துக்கும் முன்பு கீழேயிருந்து உருகிய கல் ஏறி வந்தது. மேலே வரவில்லை. இந்த ஊர்ச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே மாட்டுப்பட்டு, அங்கேயே ஆறிப்போனது. மேலே கிடந்ததெல்லாம் காலப்போக்கில் கரைந்து போக, ஆறிய கல் மலையாக வெளியே தெரிகிறது. இன்று மலையில் நாம் மிதிக்கிற கறுப்புக் கல் வானத்தைப் பார்க்காமல் குளிர்ந்த கல். இதைச் சொன்னபோது வெட்டின வெங்காயத்தைக் கத்தியால் தள்ளிவிட்டுக் கேட்டார்: "மேலை வராத சூடு எங்கை போகும்? உள்ளுக்குள்ளைதானே கிடக்கும்."

என்னிடம் மறுமொழி இருந்தது. சொன்னால் அவருக்குக் குளிரும் என்று விட்டுவிட்டேன்.

வாசல் திறக்கும்வரை காத்திருப்போம், றூபன். அவர் வேறொன்றும் என்னிடம் கேட்டதில்லை.

இமெல்டா


இயேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ,
29 யூன் 2007

மச்சாளுக்கு,

மூவரையும் இந்த முறையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். கோவிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணை மலையைக் கேட்டது அது எரிமலை என்று நம்பி. அது எரிமலை இல்லை என்று படித்த நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் கேட்ட இடம் அங்கே இல்லை. இல்லாத இடத்துக்காக இருக்கிற மனிதனைக் குளிரில் போட்டு வைப்பது என்ன நியாயம்? நான் படிக்காதவன் இல்லை, ஒரு கம்பனியில் பத்து மெசினைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு இது விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். பத்துக் கோடி வருடத்துக்கு முன்பு நெருப்பு ஏறியது, மாட்டுப்பட்டது, ஆறியது என்று பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொல்கிறீர்கள். யார் பார்த்தது? எந்தக் கல் வந்து சாட்சி சொன்னது?

அம்மாவின் கதையைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அம்மாவிடம் அண்ணை வருகிறாராம். விடியப்புறத்தில் படலையடியில் வந்து நின்று, "அம்மா, குளிருது" என்கிறாராம். உள்ளே வரமாட்டாராம். மன்னார் வெயிலில், வேர்த்து ஒழுகிக்கொண்டு இருக்கிற மனிசி போனில் என்னைக் கேட்கிறா: "மண் மூடின பிள்ளைக்கு ஏன்ரா குளிருது?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நல்லாகத்தான் இருந்தது.

பேப்பரில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

றூபன்


வில்லரே,
11 யூலை 2007

றூபன்,

எந்தக் கல் வந்து சாட்சி சொன்னது என்று எடக்காகக் கேட்டிருந்தீர். எடக்காகக் கேட்டாலும் நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆறு வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாட்சி சொன்னது ஒரு மைல்கல். 1751இல் கெத்தார் என்றொரு பிரெஞ்சுக்காரர் பிரான்சின் நடுப்பகுதியில் பயணம் போனார். செடி, கொடி, கல் எதையும் விடாமல் பார்க்கிற ஆள். ஒரு ஊரில் தெருவோர மைல்கற்கள் கறுப்பாக, துளைத்துளையாக நின்றன. எரிகிற எரிமலையை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. இத்தாலியிலிருந்து வந்த எரிமலைக் கல்லைச் சேகரிப்புகளில் கண்டிருந்தார், அவ்வளவுதான். இது எங்கேயிருந்து வருகிறது என்று விசாரித்து, அந்தக் கல் வெட்டுகிற ஊருக்கே போனார். வீடு, மதில் எல்லாம் அந்தக் கறுப்புக் கல். பக்கத்து நகரத்துப் பெரிய கோயிலும் அதே கல். தலைமுறை தலைமுறையாகச் சனம் எரிமலைக்குள் ஞானஸ்நானம் பெற்று, எரிமலைக்குள் கலியாணம் முடித்து, எரிமலைக்குள் செத்தவர்களுக்குப் பூசை வைத்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. பழைய இரும்பு உலைகளின் கசடு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கெத்தார் மலையில் ஏறிப் பார்த்தார். வாய் திறந்த மலைகள் புல் மூடிப்போய் நின்றன. இவை அணைந்த எரிமலைகள் என்று பாரிசுக்குப் போய்ச் சொன்னார்.

அதே கெத்தார் பிறகு பிழையும் விட்டார். தூண் தூணாக நிற்கிற கருங்கல் நெருப்பில் பிறக்கவில்லை, தண்ணீரில் படிந்தது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எரிமலை என்பது நிலத்தடியில் நிலக்கரி பற்றி எரிகிற சின்ன விபத்து, மற்றக் கல்லெல்லாம் கடல் தந்தது என்று ஐரோப்பாவில் கனபேர் நம்பினார்கள். தெமரே என்ற இன்னொருவர் அந்தத் தூண்களிலிருந்து பின்னோக்கி நடந்தார். எரிமலைக் குழம்பு ஓடிய வழியே நடந்து மலைவாய் வரைக்கும் போய், வரைபடம் கீறினார். பிற்காலத்தில் யாராவது வாதாட வந்தால் அவர் வாதாடமாட்டாராம். "போய்ப் பார்" என்று மட்டும் சொல்வாராம்.

உமக்கும் அதைத்தான் சொல்கிறேன். சேமக்காலை வாசல் பூட்டுத்தான். ஆனால் மலைக்குக் குறுக்கே ஏறுகிற தெருவில், பாறையை வெட்டித் தெருப் போட்ட இடம் இருக்கிறது. கறுப்புக் கல்லைப் பாரும். அதைவிட முக்கியமாக, அதற்குப் பக்கத்தில் இருக்கிற கல்லைப் பாரும்.

இனி வீட்டு விஷயம். இரண்டு கிழமையாகக் காலையில் எழும்பினால் வீடு வேகிறது. வெளியே யூலை வெயில், உள்ளே ஹீற்றர் முழு அளவில் எரிகிறது. நான் குறைத்து வைப்பேன், அடுத்த காலை திரும்பவும் ஏறியிருக்கும். அவர் செய்கிற வேலை அது. பதினாறு வருடமாக அவர் கூட்டுவார், நான் குறைப்பேன். நான் எதையும் நம்புகிறவள் இல்லை, ஆனாலும் அந்தப் பொத்தானைத் தொடவே கை கூசியது. நேற்றுப் பார்த்தேன். கத்தரின் கதிரையில் ஏறி நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "பாப்பாவுக்குக் குளிரும்" என்றாள். பிரெஞ்சில்தான் எந்நேரமும் கதைக்கிற பிள்ளை இதைத் தமிழில் சொன்னாள்.

ஹீற்றரின் மர்மம் தீர்ந்தது. போனின் மர்மம் தீரவில்லை. யாரோ எடுத்து, அவருடைய குரல் முடியும்வரை கேட்டு, ஒன்றும் கதைக்காமல் வைக்கிறார்கள். வேலையால் வந்தால் சிவப்பு லைற் மின்னிக்கொண்டு இருக்கிறது. அமத்தினால் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

இமெல்டா


இயேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ,
22 யூலை 2007

மச்சாளுக்கு,

மைல்கல்லுக்கு ஒரு பக்கம், தூணுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கத்தரினுக்கு ஐந்து வரி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் குளிரில் கிடக்கிறார் என்று விளங்குகிறது. அவள் தன்னால் ஏலுமானதைச் செய்கிறாள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வாசல் இந்த மாதம் திறக்கும், அடுத்த மாதம் திறக்கும் என்று பேப்பர்க்காரர்கள் எழுதுகிறார்கள். திறக்கவில்லை. சேமக்காலைப் புல் இடுப்பளவு நிற்கிறதாம். எங்கள் பங்குக் கோயிலில் கண்ட கண்ட ஆட்கள் எல்லாம் "அண்ணையை இன்னும் அடக்கம் செய்யேல்லையோ?" என்று கேட்கிறார்கள். எனக்கு மறுமொழி சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

கல்லைப் போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை. பேப்பரைத் திரும்பவும் வைக்கிறேன்.

றூபன்


வில்லரே,
12 ஓகஸ்ட் 2007

றூபன்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேப்பர் இதற்குள் இருக்கிறது. உம்முடைய மேப்பிள் மரத்தடிக்கே கொண்டுபோம்.

ஏன் என்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து மெசினை அமத்தினேன். வழமையான மூச்சு. பிறகு, "குளிருதோ?" என்றது. அவருடைய குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. கையில் இருந்த பாண் பை விழுந்துவிட்டது. அடுத்ததாக அந்தக் குரல், "அண்ணை, குளிருதோ?" என்று கேட்டு அழுதது. அவர் வீட்டுக்கு மூத்தவர். ஒருவரையும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்று அம்மா சொல்லுவா. நான் இவ்வளவு காலமும் கவனித்ததில்லை.

இவ்வளவு நாளும் நீர் என்னோடு பிடிவாதம் பிடிக்கிறீர் என்று நினைத்தேன். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அழுகையைக் கேட்ட பிறகு எனக்கு மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இருக்கிறவர்கள் இப்படி அழவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

அவருக்குச் சொல்ல வைத்திருந்து சொல்லாமல் போன கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. உமக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்தில் ஹோல் என்று ஒருவர் இருந்தார். கருங்கல் நெருப்பில் பிறந்தது என்று சொன்ன ஒரு முதியவரின் நண்பர். எதிராளிகள் கேட்டார்கள், கல்லை உருக்கினால் கண்ணாடிதானே வரும், கல் எப்படி வரும் என்று. போத்தல் செய்கிற பட்டறையில் உருகிய கண்ணாடி தற்செயலாக மெதுவாக ஆறி, கல்லாக உறைந்ததை ஹோல் அறிந்தார். விஷயம் பிடிபட்டது. கெதியாகக் குளிர்ந்தால் கண்ணாடி, ஆறுதலாகக் குளிர்ந்தால் கல். ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை. மலையின் வேலையைச் சட்டிக்குள் வைத்துப் பார்ப்பதா என்று நினைக்கிற மனிதர் அந்த முதியவர். அவருடைய மனம் கோணக்கூடாது என்று காத்திருந்தார். அவர் செத்த பிறகுதான் கருங்கல்லை உலையில் உருக்கி, மெதுவாக ஆறவிட்டார். கல்லே வந்தது. முதியவர் சொன்னது சரி. அதைக் கேட்க அவர் இல்லை.

எங்கள் மலைக் கல்லில் படிகம் மணி மணியாகத் தெரியும். அவ்வளவு பெரிய மணி வருவதற்கு அது ஆறுதலாகக் குளிர்ந்திருக்கவேண்டும். மேலே மூடியிருந்ததால் சூடு போக வழியில்லாமல் நெடுங்காலம் உள்ளேயே கிடந்திருக்கிறது. ஆகையால் பிலேந்திரன் சொன்னதில் பாதி சரி. சரி என்று சொல்லியிருக்கலாம். வெங்காயம் வெட்டி முடியட்டும் என்று இருந்துவிட்டேன், றூபன்.

இமெல்டா


இயேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ,
12 ஓகஸ்ட் 2007

மச்சாளுக்கு,

இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் காரை மலைக்கு விட்டேன். போய்ப் பார்த்தால்தான் உங்களோடு சண்டை பிடிக்கலாம் என்றுதான் போனேன்.

நீங்கள் சொன்ன இடத்தில் காரை நிறுத்தி இறங்கினேன். சைக்கிள்காரர்கள் நான் கோட் சூட்டோடு பாறையைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் கறுப்பு. மற்றப் பக்கம் அடுக்கடுக்கான சாம்பல் கல், இந்த ஊரில் பழைய வீடு கட்டுகிற கல்தான். இரண்டும் முட்டுகிற இடத்தில் சாம்பல் கல் சாம்பலாக இல்லை. வெளிறி, இறுகி, சூளையில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது. கொஞ்சம் தள்ளி நடந்தால் பழையபடி சாதாரணக் கல்.

அப்போதுதான் விளங்கியது. நெருப்பை ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. பக்கத்தில் நின்றது வெந்திருக்கிறது. அதுதான் சாட்சி.

மச்சாள், எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது. மண்டபத்தில் நான் கத்தினபோது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றீர்கள். அதைப் பார்த்துத்தான் கல்நெஞ்சுக்காரி என்றேன். எனக்குக் கல்லைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். இதைச் சத்தத்துக்காகக் கேட்கவில்லை, சொன்ன சொல்லுக்காகக் கேட்கிறேன்.

கறுப்புக் கல்லில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. ஓகஸ்ட் வெயில், எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.

கையெழுத்துப் போடவேண்டாம். அந்தப் பேப்பரைக் கிழித்து எறியுங்கள். காத்திருப்போம்.

உங்கள் போனின் மர்மம் நான்தான். வேலையில் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பேன். முதலில் குரலைக் கேட்கத்தான் எடுத்தேன். போன கிழமை வாய் தானாகக் கேட்டுவிட்டது.

றூபன்


வில்லரே,
17 ஓகஸ்ட் 2007

றூபன்,

எங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் புறப்பட்டு, வழியில் ஒன்றையொன்று பார்க்காமல் போயிருக்கின்றன. நான் இறங்கி வந்த நேரம் நீர் மேலே ஏறியிருக்கிறீர். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் டக்ஸி ஓடியிருப்பார்.

வாசித்து முடித்து நன்றாக அழுதேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. கத்தரின் பயந்துபோய் ஹீற்றரைக் கூட்டினாள்.

கையெழுத்துப் போட்ட பேப்பர் இப்போது உம் கையில் இருக்கிறது. கிழிக்கவும் நான் சொல்லவில்லை, கொடுக்கவும் சொல்லவில்லை. நீர் எது செய்தாலும் எனக்குச் சம்மதம். உண்மையாகவே சம்மதம்.

இமெல்டா


இயேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ,
16 செப்ரெம்பர் 2007

மச்சாளுக்கு,

தகராறு தீர்ந்து வாசல் திறக்கப்போகிறது என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பேர் காத்திருக்கிறார்கள். ஒக்டோபரில்தான் எங்கள் முறை வரும்போல இருக்கிறது.

பொய் சொல்லவில்லை, இந்த ஒரு மாதமும் அந்தப் பேப்பர் என் சேட்டுப் பையிலேயே இருந்தது. இரண்டு தரம் அதை எடுத்துக்கொண்டு சுவாமியின் வாசல்வரைக்கும் போனேன். ஒவ்வொரு நாளும் குளிரில் ஒரு நாள்தானே. பிறகு அந்தக் கல்லை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நேற்றுத்தான் கிழித்தேன்.

அம்மாவுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். மண் போடவில்லை, அண்ணை இன்னும் குளிர் அறையில் இருக்கிறார் என்று. மயங்கி விழுந்துவிடுவாவோ என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அம்மா சொன்னா, "அப்ப என்ரை பிள்ளை இவ்வளவு நாளும் வந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். நீதான் பொய் சொன்னனி."

நீங்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்வீர்களோ தெரியாது. எனக்கு விளக்கம் வேண்டாம்.

அம்மா இன்னொன்றும் கேட்டா. தன்னுடைய பிடி மண்ணைப் போடுகிறபோது தனக்குப் போன் எடுக்கட்டாம். இந்த முறை தான் காதால் கேட்கவேணுமாம். நான் சொல்வதை நம்பமாட்டாவாம்.

றூபன்


வில்லரே,
14 ஒக்டோபர் 2007

றூபன்,

நேற்றுச் சேமக்காலையில் உம்மோடு ஒரு வார்த்தை கதைக்க முடியவில்லை. கதைக்கத்தான் வந்தேன். நீர் செல்போனைக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்து, மற்றக் கையால் அம்மாவின் பிடி மண்ணைப் போட்டபோது கத்தரினின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பெட்டியில் மண் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது மன்னாருக்கும் கேட்டிருக்கிறது. போனுக்குள்ளே அம்மா, "இனிப் படு ராசா" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளும்.

விளக்கம் என்ன சொல்வேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர். ஒன்றும் இல்லை. கெத்தாருக்கும் எல்லாம் விளங்கவில்லை. நெருப்பைக் கண்டார், ஆனால் அதன் தூணைத் தண்ணீர் என்றார். நான் என் பங்குக்கு என்னத்தை எதுவென்று சொல்லிக்கொண்டு இருக்கிறேனோ.

குழியிலிருந்து வந்த மண்ணில் கறுப்புக் கல் ஒன்று கிடந்தது. கத்தரின் அதை எடுத்து, வரும் வழியெல்லாம் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கன்னத்தில் வைத்து, "பார், சூடு" என்றாள். அவளுடைய கைச் சூடுதான். திருத்த வாய் எடுத்தேன். பிறகு, "ஓம் பிள்ளை, சூடுதான்" என்றேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவளுக்காவது சொன்னேன். இன்று காலை ஹீற்றர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

இனிக் கடிதம் எழுதவேண்டாம். போன் எடும். மெசினில் இருக்கிற அவருடைய குரலை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். நான் வீட்டில் இருந்தால் அவர் கதைக்கத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் அவரோடு கொஞ்சம் கதைத்துவிட்டு வையும். குளிருதோ என்று மட்டும் கேட்கவேண்டாம்.

இமெல்டா